கணக்கில் தடை 54 கிலோகலோரி, குழாயில் அரை மணி நேரம்: எங்கே இடிக்கிறது?

#1 இரவுக்கணக்கு

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வு மாணவி. அடிப்படையில் நான் சேர்மம் தயாரிக்கும் ஆள். எங்கள் குழுவில் கணினி வேதியியல் தெரிந்தவர் யாரும் இல்லாததால் அந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

நாங்கள் தயாரித்த ஒரு சேர்மத்தின் மீது நீரில் ஒளி பாய்ச்சினால் ஈனால் (இரட்டைப் பிணைப்புள்ள கார்பனில் ஓஎச் ஒட்டிய வடிவம்) ஒன்று உருவாகிறது. சும்மா விட்டாலே அது கீட்டோ வடிவத்துக்கு (அந்த ஹைட்ரஜன் ஆக்சிஜனிலிருந்து கார்பனுக்கு நகர்ந்தது) மாறிவிடுகிறது. 25 டிகிரியில் என்எம்ஆரில் பார்த்தால் அரை ஆயுள் ஏறக்குறைய அரை மணி நேரம். இந்த மாற்றத்துக்கு டிரான்சிஷன் ஸ்டேட் (வினைப் பாதையின் ஆற்றல் உச்சியில் உள்ள அமைப்பு) கண்டுபிடித்து, தடை எவ்வளவு என்று கட்டுரையில் சொல்ல வேண்டும்.

டிஎஃப்டி கணக்கு, பி3எல்ஒய்பி ஃபங்ஷனல் (எலெக்ட்ரான்களின் ஆற்றலைத் தோராயமாகத் தரும் சூத்திரம்), 6-31ஜி(டி) பேசிஸ் செட் (ஆர்பிட்டல்களை எழுதப் பயன்படும் சார்புகளின் தொகுப்பு), வாயுநிலையில் செய்தேன். ஒரே ஒரு கற்பனை அதிர்வெண் (டிரான்சிஷன் ஸ்டேட்டின் அடையாளம்), 2000 செமீ⁻¹-க்கு மேல். ஐஆர்சி (உச்சியிலிருந்து இரு பக்கமும் இறங்கிப் பார்க்கும் கணக்கு) ஓட்டினால் ஒரு பக்கம் ஈனால், மறுபக்கம் கீட்டோன் என்று சுத்தமாகப் போய்ச் சேர்கிறது. ஆனால் கிப்ஸ் ஆற்றல் தடை மோலுக்கு 54 கிலோகலோரி வருகிறது. எஸ்எம்டி மாதிரியில் நீரைக் கரைப்பானாகக் கொடுத்தும் ஒன்றிரண்டுதான் குறைந்தது. "இதை வைத்துக் கட்டுரை அனுப்ப முடியாது, சரிசெய்" என்கிறார் நெறிப்படுத்தும் பேராசிரியர்.

இந்த வகை வினைக்குச் சரியான ஃபங்ஷனல் எது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 டிஃபால்ட்டே_துணை

பி3எல்ஒய்பி பழசு. எம்06-2எக்ஸ் போட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் ஒமேகா-பி97எக்ஸ்-டி. பேசிஸ் செட்டையும் டெஃப்2-டிஇசட்விபி ஆக்குங்கள். என் போன கட்டுரையில் இதைச் செய்ததும் விமர்சகர் வாயை மூடிக்கொண்டார்.

#3 அலைச்சார்பு

ஃபங்ஷனலை மாற்றும் முன் ஒரு சின்னக் கணக்கு. தாளில் போட்டாலே போதும்.

தடையையும் வேக மாறிலியையும் இணைக்கும் ஐரிங் சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 298 கெல்வினில் முன்காரணி வினாடிக்கு 6.2 × 10¹². அரை ஆயுள் அரை மணி நேரம் என்றால் வேக மாறிலி ஏறக்குறைய 3.9 × 10⁻⁴. திருப்பிப் போட்டால் தடை 22 கிலோகலோரி. உங்கள் 54-ஐ அதே சமன்பாட்டில் போட்டால் அரை ஆயுள் 10¹⁹ ஆண்டுகள் என்று வரும். பிரபஞ்சத்தின் வயதைப் போல் நூறு கோடி மடங்கு!

ஆக இடைவெளி 32 கிலோகலோரி. இந்த அறைவெப்பநிலையில் 1.36 கிலோகலோரி பிசகினால் வேகம் பத்து மடங்கு மாறும் என்று நினைவில் வைத்தால் இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பது புரியும். பி3எல்ஒய்பி தடைகளைக் குறைத்துக் காட்டும் பழக்கமுள்ளது, உண்மைதான். ஆனால் அந்தப் பிழை பெரும்பாலும் நாலைந்து கிலோகலோரிக்குள் அடங்கும், அதுவும் எதிர்த்திசையில்! நல்ல ஃபங்ஷனல் போட்டால் உங்கள் தடை இன்னும் ஏறத்தான் வாய்ப்பு.

சுரங்க விளைவு (ஹைட்ரஜன் தடையில் ஏறாமல் ஊடுருவிப் போவது) என்று யாராவது சொல்வதற்குள் அதையும் பார்த்துவிடலாம். 2000 செமீ⁻¹ கற்பனை அதிர்வெண்ணுக்கு விக்னர் திருத்தம் ஏறக்குறைய 5 மடங்கு தரும், அதாவது ஒரு கிலோகலோரிகூட இல்லை. விக்னர் இவ்வளவு பெரிய அதிர்வெண்ணுக்குப் பொருந்தாது, உண்மையான விளைவு இதைவிடப் பெரிதாக இருக்கலாம். இருந்தாலும் 23 பத்தடுக்குகளை அது அடைக்காது.

எனவே கேள்வி ஃபங்ஷனல் பற்றியதே இல்லை. டிரான்சிஷன் ஸ்டேட்டில் அந்த ஹைட்ரஜன் எந்த வழியாகப் போகிறது? உள்ளீட்டுக் கோப்பின் முதல் வரிகளையும், மின்சுமையும் மல்டிப்ளிசிட்டியும் (இணைசேரா எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டியது) உள்ள வரியையும் எழுத்தாகவே ஒட்டுங்கள். திரையைக் கைபேசியில் படமெடுத்துப் போட வேண்டாம், கண் போகிறது.

#4 இரவுக்கணக்கு

நன்றி ஐயா. மின்சுமை 0, மல்டிப்ளிசிட்டி 1. கட்டுரை வெளிவராததால் சேர்மத்தின் முழு அமைப்பைத் தர முடியவில்லை, மன்னிக்கவும்.

ஹைட்ரஜன் ஆக்சிஜனிலிருந்து நேராகக் கார்பனுக்குத் தாவுகிறது. கார்பன், கார்பன், ஆக்சிஜன், நடுவில் ஹைட்ரஜன் என்று நான்கு அணு வளையம். அமைப்பில் ஈனால் மட்டும்தான், வேறு மூலக்கூறு எதுவும் இல்லை.

#5 அலைச்சார்பு

முழு அமைப்பு தேவையில்லை. இதே கேள்வியை வினைல் ஆல்கஹாலை வைத்துப் பேசலாம், உலகத்திலேயே எளிய ஈனால் அதுதான்.

உங்கள் கணக்கு சரி. அது விடை சொல்லும் கேள்விதான் வேறு. தனியாக, பக்கத்தில் யாருமில்லாமல் மிதக்கும் ஓர் ஈனால் மூலக்கூறு எவ்வளவு சீக்கிரம் மாறும் என்று கேட்டிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட மாறவே மாறாது என்று பதில் வந்திருக்கிறது. வினைல் ஆல்கஹாலுக்கும் வாயுநிலையில் தடை 55-ஐ ஒட்டித்தான் வரும். அதற்கு நேரடிச் சாட்சியே உண்டு: 2001-இல் சாஜிட்டேரியஸ் பி2 என்ற விண்மேகத்தில் வினைல் ஆல்கஹாலை நுண்ணலை நிறமாலை வழியாகக் கண்டுபிடித்தார்கள். தன் கீட்டோ வடிவமான அசிட்டால்டிஹைடைவிட ஆற்றல் கூடிய இந்த மூலக்கூறு அங்கே தாக்குப்பிடிக்கிறது என்றால், கூட வினைபுரிய அங்கே யாரும் இல்லை.

தடை ஏன் இவ்வளவு? நான்கு அணு வளையத்தின் இறுக்கம் ஒரு காரணம். ஆழமான காரணம் உட்வர்டு–ஹாஃப்மன் விதி. ஹைட்ரஜனின் 1,3 தாவல் ஒரே முகத்தின் வழியாக வெப்பத்தால் நடப்பது சமச்சீரால் தடுக்கப்பட்டது. எதிர்முகத்தின் வழியாகப் போக விதி அனுமதிக்கும், ஆனால் மூன்றே அணுக்களில் அப்படி வளைய இடமில்லை.

எஸ்எம்டி ஏன் உதவவில்லை என்பதற்கும் இதே பதில்தான். எஸ்எம்டி, பிசிஎம் போன்றவை கரைப்பானை ஒரு மின்கடத்தாப் பரப்பாகத்தான் பார்க்கின்றன. அந்தப் பரப்பு மின்சுமையைத் தாங்கும். புரோட்டானைக் கொடுக்காது, வாங்காது. உங்கள் குழாயில் இருக்கும் நீர் இரண்டையும் செய்யும்.

#6 டிஃபால்ட்டே_துணை

அப்படியானால் ஒரு நீர் மூலக்கூறைச் சேர்த்தால் முடிந்தது. ஆறு அணு வளையம் ஆகிவிடும், தடை இறங்கும். இரண்டு சேர்த்தால் எட்டு, இன்னும் இறங்கும். எத்தனையோ கட்டுரைகளில் பார்த்திருக்கிறேன்.

#7 இரவுக்கணக்கு

செய்து பார்த்தேன். ஒரு நீரோடு 33, இரண்டோடு 30, மூன்றோடு 31. மூன்றாவதில் இறங்கும் என்று எதிர்பார்த்தேன், ஏறிவிட்டது. இன்னும் 8 கிலோகலோரி இடிக்கிறது. நான்காவது நீரைச் சேர்க்கட்டுமா? ஒவ்வொன்றுக்கும் அமைப்புகளைத் தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிறது.

#8 குடுவைக்காரர்

கணினி ஆட்களுக்கு நடுவே நுழைகிறேன். நான் வினைவேகம் அளப்பவன், ஃபங்ஷனல் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

என்எம்ஆர் குழாயில் சேர்மத்தையும் நீரையும் தவிர வேறு என்ன இருந்தது? இதை இதுவரை யாருமே கேட்கவில்லை. பிஹெச் நிலையாக இருக்கத் தாங்கல் கரைசல் போட்டீர்களா? எது, எவ்வளவு? கரைப்பான் சாதா நீரா, கனநீரா (ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ளது)?

கனநீர் என்றால் முதலில் இரண்டு விஷயம். கண்ணாடி மின்முனை காட்டும் எண்ணோடு 0.4 கூட்டினால்தான் pD (கனநீரின் பிஹெச்) கிடைக்கும். அதைக் கூட்டாமல் எழுதியிருந்தால் உங்கள் பிஹெச்சே வேறு. அடுத்தது, உருவான கீட்டோனின் என்எம்ஆரை உற்றுப் பாருங்கள். கார்பனில் போய் ஒட்டியது ஹைட்ரஜனா, டியூட்டீரியமா? ஈனாலின் OH கனநீரில் கரைந்த கணமே OD ஆகிவிடும், அதனால் டியூட்டீரியம் இருப்பதை மட்டும் வைத்து வழியைச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டாவது டியூட்டீரியமும் ஏறியிருந்தால் கீட்டோனே திரும்பத் திரும்ப ஈனாலாகிறது என்று பொருள், அப்போது நீங்கள் அளந்த அரை ஆயுளையே சந்தேகிக்க வேண்டும்.

தாங்கல் போட்டிருந்தால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், ஒரு நாள் வேலைதான். அமிலமும் உப்பும் இருக்கும் விகிதத்தை மாற்றாமல், மொத்தச் செறிவை மட்டும் மாற்றி நாலைந்து கரைசல் தயாரியுங்கள். அயனிவலிமை எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க சோடியம் குளோரைடு சேர்த்துச் சமன் செய்யுங்கள், இதை விட்டால் வரும் கோடு எதையும் சொல்லாது. ஒவ்வொன்றிலும் வேக மாறிலியை அளந்து செறிவுக்கு எதிராக வரைபடம் போடுங்கள். கோடு படுத்திருந்தால் தாங்கலுக்கு வேலையில்லை. சாய்ந்திருந்தால் உங்கள் வினையை நடத்துவது தாங்கல் கரைசல். கோட்டைச் செறிவு பூஜ்யம் வரை நீட்டினால் கிடைக்கும் எண்தான் நீர் மட்டும் செய்யும் வேலை.

#9 அலைச்சார்பு

குடுவைக்காரர் சொன்னதைச் செய்துவிட்டு மற்றதைப் பேசுங்கள். அதுவரை நான்காவது நீரைத் தொட வேண்டாம்.

நீர்ச் சங்கிலி ஏன் கண்ணைக் கட்டும் என்று சொல்கிறேன். ஒவ்வொரு நீரும் சேரும்போது மின்னணு ஆற்றல் தடை இறங்கும், ஏனென்றால் வளையம் தளர்கிறது, ஹைட்ரஜன் பிணைப்பு கூடுகிறது. ஆனால் தனியாகத் திரிந்த மூலக்கூறை ஓர் ஒழுங்கில் கட்டிப்போடுவதற்கு என்ட்ரோபியில் விலை கொடுக்க வேண்டும். மூன்றாவதில் உங்களுக்கு ஏறியது அதனால்தான், அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

கூடவே ஒரு கணக்குவழக்கு உண்டு. மென்பொருள் தரும் கிப்ஸ் ஆற்றல் 1 வளிமண்டல வாயுவுக்கானது. கரைசலில் 1 மோலார் நிலைக்கு மாற்ற, ஒவ்வொரு மூலக்கூறுக்கும் 1.9 கிலோகலோரி கூட்ட வேண்டும். நீர் 1 மோலார் அல்ல, 55.5 மோலார், அதற்கு இன்னும் 2.4. ஆக, தனித்தனி ஈனாலையும் நீரையும் தொடக்கமாக வைத்தால், சேரும் ஒவ்வொரு நீருக்கும் தடை 4.3 குறையும். இதைச் சேர்த்துத்தான் 33, 30, 31 வந்ததா? சேர்க்கவில்லை என்றால் உங்கள் மூன்று நீர்த் தடை திடீரென்று 13 கிலோகலோரி இறங்கி, பரிசோதனையைவிடக் கீழே போய்விடும்! அப்போது எந்த எண்ணை நம்புவீர்கள்?

நீர்ச் சங்கிலிக்கு ஒரு பழைய பஞ்சாயத்தும் உண்டு. மோரிட்டா–பேய்லிஸ்–ஹில்மன் வினையில் ஆல்கஹால் ஒன்று புரோட்டானைக் கைமாற்றி விடுகிறது என்று பல கணக்கீட்டு ஆய்வுகள் சொல்லிவந்தன. 2015-இல் பிளாட்டாவும் சிங்கிள்டனும் அதே வினையைப் பரிசோதனையில் துருவிப் பார்த்தார்கள். அந்தச் சங்கிலி நடக்கவே இல்லை. சாதாரண அமில–கார வினையாக, ஒருவர் புரோட்டானைக் கொடுக்க வேறொருவர் எடுத்துக்கொள்கிறார். ஒரே டிரான்சிஷன் ஸ்டேட்டுக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும் என்ற ஆசை நமக்குத்தான், வினைக்கு இல்லை.

#10 இரும்புப்பிடி

இதே இழையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு இரும்பு(II) அணைவு ஒன்றில் எஸ்சிஎஃப் (எலெக்ட்ரான் அமைப்பைச் சுற்றுச் சுற்றாகத் திருத்தும் கணக்கு) ஒருங்கவே மாட்டேன் என்கிறது. 128 சுற்று ஓடி நின்றுவிடுகிறது. மல்டிப்ளிசிட்டி 4 கொடுத்திருக்கிறேன். அவசரம்.

#11 நெறியாளர்

தனி இழை தொடங்கவும். அவசரம் என்பதால் இரண்டு வரி மட்டும்: இரும்பு(II) என்றால் டி6 (டி ஆர்பிட்டல்களில் ஆறு எலெக்ட்ரான்). ஈனிகள் சாதாரணமானவையாக, மொத்த எலெக்ட்ரான் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் மல்டிப்ளிசிட்டி 1, 3, 5-இல் ஒன்றாகத்தான் இருக்க முடியும், 4 வராது. 4-ஐ மென்பொருள் ஏற்றுக்கொண்டு ஓடியிருக்கிறது என்றால் உங்கள் எலெக்ட்ரான் எண்ணிக்கை ஒற்றைப்படை. அதாவது மின்சுமையைத் தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள், அல்லது எங்கோ ஒரு ஹைட்ரஜன் விட்டுப்போயிருக்கிறது. எஸ்சிஎஃப் அமைப்புகளைத் திருகும் முன் அதை எண்ணிப் பாருங்கள். பிறகு மூன்று மல்டிப்ளிசிட்டியையும் தனித்தனியாக ஓட்டி, எஸ்-வர்க்கத்தின் (மொத்த எலெக்ட்ரான் சுழற்சியின் அளவு) மதிப்பைப் பாருங்கள். ஐந்துக்கு 6.00-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பி3எல்ஒய்பி உயர்சுழற்சி நிலைக்குச் சலுகை காட்டும், அதை வைத்து மட்டும் அடிநிலையைத் தீர்மானிக்காதீர்கள். மற்றவை புது இழையில்.

#12 இரவுக்கணக்கு

குடுவைக்காரர் ஐயா சொன்னபடி செய்தோம். என்எம்ஆர் எடுத்த நண்பர் பாஸ்பேட் தாங்கல் போட்டிருந்தார், பிஹெச் 7. கட்டுரை வரைவில் அது ஒரு வார்த்தைகூட இல்லை. கரைப்பான் கனநீர், மின்முனை எண்ணைத் திருத்தாமலேயே எழுதியிருந்தது.

செறிவை மாற்றியபோது கோடு நன்றாகச் சாய்ந்து வந்தது. பூஜ்யத்துக்கு நீட்டினால் வேகம் பல மடங்கு குறைகிறது, அதாவது அந்த அரை மணி நேரம் பெரும்பாலும் பாஸ்பேட் செய்த வேலை. கீட்டோனில் ஒரே ஒரு டியூட்டீரியம்தான் ஏறியிருக்கிறது. நீர்ச் சங்கிலித் தடைகளில் 55.5 மோலார் திருத்தம் சேர்க்கவில்லை என்பதும் உண்மைதான்.

இப்போது எதைக் கணக்கிட வேண்டும்?

#13 குடுவைக்காரர்

கணக்கிடும் முன் ஒரு எச்சரிக்கை. பாஸ்பேட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள், எச்2பிஓ4 என்ற அமிலமும் எச்பிஓ4 என்ற காரமும். வேகம் எதனோடு கூடுகிறது என்று தெரிய, விகிதத்தையும் மாற்றி இன்னொரு கோடு போட வேண்டும்.

காரத்தோடு கூடினாலும் உடனே "காரம் புரோட்டானை எடுக்கிறது, அதுதான் மெதுவான படி" என்று எழுதிவிடாதீர்கள். ஈனால் முதலில் வேகமாக ஈனோலேட்டாகி (ஓஎச்சின் புரோட்டானை இழந்த எதிர்மின் அயனி), பிறகு அமில வடிவம் அதன் கார்பனுக்குப் புரோட்டான் கொடுத்தாலும் வேகச் சமன்பாடு அச்சு அசல் அதேதான். ஈனோலேட் × அமிலம் என்பதை எழுதி விரித்துப் பாருங்கள், ஈனால் × காரம் என்று வந்து நிற்கும். வேகத்தை மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. இங்கேதான் உங்கள் கணினிக்கு வேலை.

#14 அலைச்சார்பு

பிரமாதம். இப்போது கணக்குக்கு ஒரு நல்ல கேள்வி கிடைத்துவிட்டது.

உங்கள் மூலக்கூறைத் தொடும் முன் முறையைச் சோதியுங்கள். வினைல் ஆல்கஹாலுக்கு நீரில் அளந்த எண்கள் இருக்கின்றன. கிரெஸ்கேயும் உடன் ஆய்வாளர்களும் 1987-இல் வெளியிட்டவை: ஈனாலின் பிகேஏ (புரோட்டானை விடும் எளிமையின் மடக்கை அளவு) 10.50, அசிட்டால்டிஹைடின் பிகேஏ 16.73, ஈனால்–கீட்டோ சமநிலைக்கு அதே மடக்கை அளவில் 6.23. முதல் இரண்டின் வித்தியாசம் மூன்றாவதாக வருவதைக் கவனியுங்கள், சுழற்சி சரியாக மூடுகிறது. 6.23 என்பது 8.5 கிலோகலோரி. அசிட்டால்டிஹைடுக்கும் வினைல் ஆல்கஹாலுக்கும் நீரில் உங்கள் முறை என்ன தருகிறது என்று பாருங்கள். இதையே சரியாகத் தராத முறை, பெரிய மூலக்கூறில் மட்டும் எப்படிச் சரியாகத் தரும்?

பேசிஸ் செட்டை இப்போது மாற்றியே ஆக வேண்டும். 6-31ஜி(டி)-இல் ஹைட்ரஜனுக்கு போலரைசேஷன் சார்புகள் (எலெக்ட்ரான் மேகம் ஒரு பக்கம் சாய இடம் தருபவை) இல்லை. இடம்மாறுவதே ஹைட்ரஜன் எனும்போது இது இடிக்கும். ஈனோலேட்டும் பாஸ்பேட்டும் எதிர்மின் அயனிகள், டிஃப்யூஸ் சார்புகள் (அணுவிலிருந்து தொலைவு வரை பரவுபவை) இல்லாமல் அவற்றைத் தொடக்கூடாது. வடிவத்தை நடுத்தரச் செட்டில் செய்துவிட்டு, ஆற்றலை மட்டும் டிஃப்யூஸ் சேர்த்த மும்மடிச் செட்டில் ஒற்றைப்புள்ளியாக எடுங்கள். கையில் ஆர்கா மென்பொருள் இருந்தால், டிஎஃப்டியைவிடத் துல்லியமான டிஎல்பிஎன்ஓ-சிசிஎஸ்டி(டி) கணக்கு ஒன்றும் போட்டு ஒப்பிடுங்கள், கல்விப் பயன்பாட்டுக்கு அது இலவசம்தான். டிஎஃப்டிக்கு டி3 திருத்தத்தை (மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்புக்கானது) மறக்காதீர்கள்.

பிகேஏவை நேரடியாகக் கணக்கிடாதீர்கள். நீரில் புரோட்டானின் கரைசல் ஆற்றலாக -265.9 என்று புத்தக எண்ணைப் போட்டுக் கழித்தால், எதிர்மின் அயனியில் எஸ்எம்டி செய்யும் பிழை முழுதும் உங்கள் தலையில் விழும். அது சில கிலோகலோரி வரை போகும், ஒவ்வொரு 1.36-உம் ஒரு பிகேஏ அலகு. அதற்குப் பதில் உங்கள் ஈனாலும் வினைல் ஆல்கஹாலின் ஈனோலேட்டும் புரோட்டானை மாற்றிக்கொள்வதாக எழுதுங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி அயனி இருப்பதால் பிழையின் பெரும்பகுதி ஒன்றையொன்று அடித்துவிடும். கிடைத்த வித்தியாசத்தை 10.50-உடன் சேர்த்தால் பிகேஏ.

அதன் பிறகு இரண்டு டிரான்சிஷன் ஸ்டேட் தேடுங்கள். ஈனோலேட்டின் கார்பனுக்கு எச்2பிஓ4 புரோட்டான் கொடுப்பது ஒன்று. எச்பிஓ4 ஈனாலின் ஓஎச்சை இழுக்க, அதே நேரம் நீர் ஒன்று கார்பனுக்குக் கொடுப்பது இன்னொன்று. முதலாவதில் ஈனோலேட்டாகும் செலவையும் சேர்த்து, இரண்டையும் ஒரே தொடக்கத்திலிருந்து ஒப்பிடுங்கள். எச்2பிஓ4-உம் ஈனோலேட்டும் இரண்டுமே எதிர்மின் சுமை உள்ளவை என்பதால் வாயுநிலையில் வடிவம் தேடினால் விலகி ஓடும். வடிவத்தையும் கரைப்பான் மாதிரிக்குள்ளேயே தேடுங்கள். பாஸ்பேட்டின் ஓஎச்கள் பல பக்கம் திரும்பும், எனவே முதலில் எக்ஸ்டிபி என்ற வேகமான தோராய முறையை வைத்து கிரெஸ்ட் நிரலில் வடிவங்களைத் தேடிவிட்டு, கீழே கிடப்பவற்றை மட்டும் டிஎஃப்டிக்கு எடுங்கள்.

#15 டிஃபால்ட்டே_துணை

எனக்கும் ஒரு சந்தேகம் தீர்த்துவையுங்கள். எம்06-2எக்ஸ்-இல் ஒரே மூலக்கூறை வேறு திசையில் திருப்பி வைத்து ஓட்டினால் கிப்ஸ் ஆற்றல் ஒரு கிலோகலோரிக்கு மேல் மாறுகிறது. மூலக்கூறு அதேதானே?

#16 அலைச்சார்பு

கட்டத்தின் வேலை. டிஎஃப்டியில் தொகையீடு இடவெளியில் புள்ளிகளை வைத்துச் செய்யப்படுகிறது. புள்ளிகள் போதாவிட்டால் மூலக்கூறைத் திருப்பினால் விடை மாறும். மின்னணு ஆற்றலில் இது தெரியாது, தாழ்ந்த அதிர்வெண்களில் தெரியும். ஒரு 10 செமீ⁻¹ அதிர்வு 30 ஆனாலே கிப்ஸ் ஆற்றல் 0.65 கிலோகலோரி நகரும். அப்படி நாலைந்து அதிர்வுகள் இருந்தால் சொல்ல வேண்டுமா? பூட்ஸ்மாவும் வீலரும் 2019-இல் இதை விரிவாகக் காட்டினார்கள், எம்06-2எக்ஸ் போன்ற மினசோட்டா வகை ஃபங்ஷனல்களில் தொல்லை அதிகம்.

காசியன் மென்பொருளின் 16-ஆம் பதிப்பில் இயல்புநிலைக் கட்டம் (99,590). 09-இல் (75,302). பழைய பதிப்பில் ஓடியதையும் புதியதில் ஓடியதையும் ஒரே அட்டவணையில் கலந்தால் இந்தக் கோளாறு அப்படியே உள்ளே வந்துவிடும். தாழ்ந்த அதிர்வெண்களுக்கு ஒன்று, கிரிம்மே 2012-இல் தந்த வழியைப் பின்பற்றுங்கள், அது அவற்றை மெல்ல மெல்லச் சுழற்சியாகக் கருதும். இல்லாவிட்டால் 100-க்குக் கீழுள்ள எல்லாவற்றையும் 100 என்று உயர்த்திவிடும் ட்ரூலர்–கிரேமர் வழி. எதைச் செய்தாலும் எல்லா அமைப்புக்கும் ஒன்றாகச் செய்யுங்கள். பரிசோதனையோடு பொருந்தும் இடத்தில் மட்டும் ஒன்று, மற்ற இடத்தில் வேறு என்பதெல்லாம் கூடாது.

#17 இரவுக்கணக்கு

வினைல் ஆல்கஹால் சோதனை முடிந்தது. பழைய 6-31ஜி(டி) முறை 8.5-லிருந்து நன்றாகவே விலகி நின்றது. டிஃப்யூஸ் சேர்த்த மும்மடிச் செட்டில் 9-க்குச் சற்று மேல், டிஎல்பிஎன்ஓவிலும் அதே அருகில்தான்.

எங்கள் சேர்மத்துக்கு ஈனோலேட் வழி 23-ஐ ஒட்டி வருகிறது. நீரும் எச்பிஓ4-உம் ஒன்றாகச் செய்யும் வழி அதைவிட 6 கிலோகலோரி மேலே. 54-ஐ என்ன செய்வது? பேராசிரியர் அதை எடுத்துவிடச் சொல்கிறார்.

#18 அலைச்சார்பு

எடுக்காதீர்கள். "ஊக்கி இல்லாத நேரடித் தாவல் போட்டியிலேயே இல்லை" என்று ஒரு வரியில் எழுதி, எண்ணைத் துணைக் கோப்பில் போடுங்கள். விமர்சகர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.

23-க்கும் 22-க்கும் பொருத்தம் அருமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஓர் அமைப்பில் இரண்டு எதிர்மின் அயனிகள் இருக்கும்போது எஸ்எம்டிக்கு அந்த அளவு துல்லியம் கிடையாது, அந்த ஒற்றுமையில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. நீங்கள் துணிந்து சொல்லக்கூடியது இரு வழிகளுக்கும் இடையிலான 6 கிலோகலோரி. அதிலும் இரண்டு பக்கத்து அயனிகள் வேறுவேறு என்பதால் ஒன்றிரண்டு நீரை வெளிப்படையாக வைத்து ஒருமுறை சரிபாருங்கள். துணைக் கோப்பில் எல்லா அமைப்புகளின் ஆயத்தொலைவுகள், வெப்பநிலை, 1 மோலார் திருத்தம் செய்தீர்களா என்பது, கட்டம், மென்பொருள் பதிப்பு எல்லாம் இருக்கட்டும்.

#19 குடுவைக்காரர்

இன்னொன்று. நீங்கள் அளந்தது கனநீரில், கணக்கிட்டது சாதா ஹைட்ரஜனுக்கு. கார்பனுக்குப் புரோட்டான் போவதுதான் மெதுவான படி என்றால் கனநீரில் வேகம் கண்டிப்பாகக் குறையும். அதிர்வெண் கணக்கில் மாறக்கூடிய ஹைட்ரஜன்களின் நிறையை 2 என்று மாற்றி ஓட்டினால் போதும், புதிதாக வடிவம் தேட வேண்டியதில்லை. அதோடு சாதா நீரில் புற ஊதா நிறமாலையில் ஒரு தடவை வேகத்தை அளந்துவிடுங்கள், ஈனால் நன்றாகவே உறிஞ்சும். கணக்கில் வரும் சாதா நீர்–கனநீர் வேக விகிதமும் அளந்து வரும் விகிதமும் ஒத்துப்போனால் அந்த ஈனோலேட் வழிக்குக் கணக்கைத் தவிர இன்னொரு சாட்சியும் கிடைக்கும். பாஸ்பேட் செறிவு இரண்டு நீரிலும் ஒன்றாக இருக்கட்டும்.

#20 இரவுக்கணக்கு

சரி ஐயா. நிறையை மாற்றிய கணக்கு இப்போதே ஓடுகிறது. புற ஊதா கருவி வியாழக்கிழமை கிடைக்கும், அளந்துவிட்டு இங்கேயே போடுகிறேன்.